கேட்டுப் படித்த மெட்டு

கரண்ட் போய் அக்கம்பக்கத்துத் தறிச்சத்தம் அடங்கியதும்தான், அந்தக் காக்டீல் கிளி விசிலடித்த மெட்டு அகல்யாவுக்குத் தெளிவாகக் கேட்டது. கிளி வாங்க வந்தவள் கூண்டருகே குனிந்தாள்.

“ஏனுங்க, இந்த மெட்டு அதுக்குப் பொறப்புலயே வாரதுங்களா?”

“கத்தறது ரத்தத்துலயே வந்துருமுங்க. மெட்டு மட்டும் குஞ்சுல காதால கேட்டுப் படிக்கோணும்” என்றார் கிளி வளர்க்கும் நாச்சிமுத்து.

“வெளிய வாங்குனதுங்களா?”

“நம்மூட்டுல பொரிச்சதுங்க. ஆறு மாசமா வாசப்படி தாண்டுனதில்லை.”

“ஊட்டுல வேற யாருங்க?”

“நான் ஒண்டிக்கட்டைங்க.”

அது அகல்யாவின் தங்கை இனியா தானாகக் கட்டிய மெட்டு. அக்கா தங்கை இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. இனியா காணாமல் போய் மூன்று வருடமாகிறது.

அகல்யா வாசலுக்கு ஓடினாள். “இனியா!” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

நாச்சிமுத்து வீட்டின் பூட்டியிருந்த மாடியறைக்குள்ளிருந்து, “அக்கா!” என்றது ஒரு தேய்ந்த குரல்.