காகம் இருந்த மரம்

"மரத்துல இருக்கிற காக்காயை மட்டும்..." என்று காட்டெருமையின் அத்தை ஏதோ சொல்வாள். விரட்டாதே என்றாளா, நம்பாதே என்றாளா, காட்டெருமைக்கு நினைவில்லை.

அந்த அமெரிக்கப் புல்வெளியில் இருந்தது ஒரே மரம். தலைவர் தேர்தலில் நின்ற காட்டெருமை, ஜெயித்த மறுநாளே மந்தையை ஆற்றைத் தாண்டிப் பச்சைப் புல்லுக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தது. காகமோ எல்லோருக்கும் கேட்கும்படி கத்தியது: "துறையில கரை இடிஞ்சு கிடக்கு. கன்னுக்குட்டிங்க முழுகிடும்."

"வதந்தி, தலைவரே," என்றது காட்டெருமையின் முதுகில் உண்ணி பொறுக்கும் குருவி.

காட்டெருமை மரத்தில் முதுகைத் தேய்த்தது. மரம் ஆடியது. "நான் தோக்கணும், அதானே உனக்கு? இன்னும் கொஞ்சம் அழுத்தினா உன் மரம் சாஞ்சிடும்."

"நேத்து உங்க எதிராளி நொண்டுறதைச் சொன்னேன். அப்ப வயிறு குலுங்கச் சிரிச்சீங்களே," என்றது காகம்.

காகத்தின் எச்சரிக்கையைப் பொய்யாக்கவே காட்டெருமை தனியாக ஆற்றில் இறங்கியது. உடனே காலடியில் மண் சரிந்து, கழுத்துவரை தண்ணீர் ஏறியது. குருவி எப்போதோ பறந்துவிட்டிருந்தது. தட்டுத்தடுமாறிக் கரையேறியபோது, தன் பின்னால் வரவேண்டியிருந்த கன்றுகள் புல்லில் துள்ளிக்கொண்டிருந்தன.

சேறு சொட்ட மந்தையின் நடுவே வந்து நின்றது. "காக்கா சொன்னது நிஜம். சொல்லலைன்னா நானே உங்களைக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

தேர்தலில் தோற்றது.

காய்ந்த சேறு முதுகை அரித்தது. மரம் பக்கத்திலேயே இருந்தது, கிளையில் காகமும். இனி தூரத்துப் பாறைக்குப் போய்த் தேய்த்துக்கொள்வது என்று காட்டெருமை முடிவு செய்தது.