ரெண்டு லோயர்

தட்கல் முன்பதிவு திறக்க இன்னும் நான்கு நிமிடம். அதற்குள் அந்த அம்மாள் மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டார்.

“அவருக்கு அப்பர் போடு தம்பி. எனக்கு அதுக்கு நேர் கீழ லோயர்.”

எனக்கு எரிச்சலாக வந்தது.

அவர் பெயர் திலகவதி. காட்பாடியிலிருந்து மும்பைக்கு, மகள் வீட்டுக்கு, இரண்டு டிக்கெட். கணவர் சடையப்பனுக்கு ஆதார்படி வயது எழுபத்தொன்று. நாற்பது வருடம் பட்டுத்தறியில் உட்கார்ந்த முழங்காலை வைத்துக்கொண்டு மனிதர் உச்சிக்கு ஏற வேண்டுமாம். இந்த மகராசி கீழே ஜன்னலோரம் கால் நீட்டிப் படுப்பாராம். நல்லா இருக்கே கதை!

சடையப்பன் வாயே திறக்கவில்லை. என் டிக்கெட் கடைக் காலண்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பாவம், வீட்டிலும் இப்படித்தான் போல.

அந்த அம்மாள் அவர் மணிக்கட்டை விடவே இல்லை. அடேயப்பா, புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி தோற்றது என்று மனசுக்குள் கிண்டல் வேறு செய்துகொண்டேன்.

“ஜல்தி தம்பி, போயிடப் போவுது.”

மணி பதினொன்று. கம்ப்யூட்டரில் பக்கம் சுற்றியது. நின்றது. மறுபடியும் சுற்றியது. விட்டால் இன்னும் ஒரு நாள் இவர்கள் ஆரணியிலேயே கிடக்க வேண்டும்.

பெர்த் கேட்கும் இடம் வந்தது. இருவருக்கும் லோயர் என்று தட்டிவிட்டேன். கேட்டால் சிஸ்டம் கொடுத்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

கிடைத்தேவிட்டது!

“ரெண்டுமே லோயரும்மா. யாருக்குக் கிடைக்கும் இந்த அதிர்ஷ்டம்?”

அவர் முகம் வெளுத்துப்போனது. எதற்கென்று எனக்குப் புரியவில்லை. மேலே இருப்பவர்களைக் கேட்டால் சந்தோஷமாக மாற்றிக்கொள்வார்கள் என்றேன்.

“என்னான்னு சொல்லிக் கேக்கறது?” குரலைத் தாழ்த்தினார். “ராவுல எழுந்து போயிடறாரு தம்பி. போன மாசம் சேத்துப்பட்டு ரோட்டுல புடிச்சிக் கொண்டாந்தாங்க. மேல படுத்தா, எறங்கறப்போ என்மேல கால் படும், முழிச்சிக்குவேன். எங்கையோட அவரு கையைச் சேத்துக் கட்டிப் பாத்தேன். இருட்டுலயே அவுத்துடறாரு. எம்பேரு கூட மறந்துட்டாரு. நூல் முடிச்சு அவுக்கறதை மட்டும் மறக்கல.”

எனக்குக் காது மடல் சுட்டது. செத்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

பிரிண்டர் டிக்கெட்டைத் தள்ளியது. அப்போதுதான் பெர்த் எண்களைப் பார்த்தேன். ஒன்றும் நான்கும்.

பெட்டியின் முதல் வரிசை. எழுந்து நான்கு எட்டு வைத்தால் கதவு.

“நல்ல எடமா தம்பி?” என்று கேட்டார் திலகவதி.