கருப்பி மேல் சந்தேகம்

செவலைக் கோழியின் வாலடியில் மறுபடியும் இரத்தம்.

ஹஃப்சா அதைத் தூக்கிப் பார்த்தாள். நேற்று மிச்சமிருந்த நாலு இறகும் இன்று இல்லை. பிடுங்கிய இடம் பச்சைப் புண்ணாகக் கிடந்தது.

சிதம்பரத்தில் வாங்கி, பரங்கிப்பேட்டை வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த கோழி. வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. கொல்லையில் முன்பே இருந்த ஏழில் ஏதோ ஒன்று இதை வாழவிடமாட்டேன் என்கிறது.

எது என்பதில் ஹஃப்சாவுக்குச் சந்தேகமே இல்லை. கருப்பிதான். தீனி போட்டால் மற்றதையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்கிற ரவுடி.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற எழிலரசி அக்காவும் அதையே சொன்னாள். "ஞாயித்துக்கிழம ஒன் நாத்தனார் வருதுல்ல? அறுத்துக் கொழம்பு வச்சிடு. தொல்ல வுட்டுது."

அன்று காலை சார்ஜாவிலிருந்து நசீர் கூப்பிட்டபோது, சொல்ல வேறொன்றும் இல்லாததால் ஹஃப்சா இதைச் சொன்னாள்.

கல்யாணமாகி நாற்பதாவது நாள் விமானம் ஏறியவன். ஒன்றரை வருஷம் ஆகிறது. தினமும் கூப்பிடுவான், இரண்டு நிமிஷம். சாப்பிட்டாச்சா, அங்க வெயில் ஜாஸ்தியா, சரி தூங்குங்க. கிடங்கில் இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்தவனிடம் அதற்குமேல் என்ன பேசுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும்தான்.

"கருப்பி கொத்துனத நீ பாத்தியா?" என்றான்.

பார்க்கவில்லை.

"பாக்காம அறுக்காத ஹஃப்சா. வீடியோவப் போட்டு போனக் கொல்லையில வை. நான் பாக்குறேன்."

துவைக்கிற கல்மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அவள் மீன் ஆய உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் போனிலிருந்து குரல் வந்தது. செவலையை உடனே பிடித்துப் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடச் சொன்னான். புண்ணில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவச் சொன்னான்.

"ஆளு தெரிஞ்சிடுச்சா மச்சான்?"

"இன்னும் இல்ல. நாளைக்கும் வை. மத்தத கொத்துதான்னு பாக்கணும்."

மறுநாளும் வைத்தாள். அதற்கு மறுநாளும்.

காவல் காக்கிறவனைச் சும்மா உட்காரவைக்க முடியுமா? ஹஃப்சா பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசினாள். ஸ்கூட்டி பழகுவதைச் சொன்னாள். இரண்டு தடவை சாக்கடையில் விட்டதையும் சொன்னாள். அவன், அறையில் ஐந்து பேருக்கு வடித்த சோறு குழைந்துபோன கதையைச் சொன்னான். ஒரு நாள் பேச்சு ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. கருப்பி வந்து போனைக் கொத்திக் கீழே தள்ளியதில்தான் நின்றது.

சனிக்கிழமை புண் ஆறியிருந்தது. செவலையைத் திறந்துவிட்டாள்.

அது இரண்டடி வைக்கவில்லை. பின்னாலேயே பூனைபோல வந்தது வெள்ளச்சி. ஹஃப்சாவின் கையிலிருந்து மட்டுமே அரிசி தின்கிற, வாயில்லாப் பூச்சி வெள்ளச்சி. ஒரே கொத்து. முதுகிலிருந்து ஓர் இறகைப் பிடுங்கி, அப்படியே முழுங்கிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோலத் தலையைச் சாய்த்தது.

"அடி பாவி!" என்று ஹஃப்சா கத்தியதில் எழிலரசி அக்கா வேலிக்கு ஓடி வந்துவிட்டாள்.

பஞ்சாரத்துக்குள் இப்போது வெள்ளச்சி போனது. ஞாயிற்றுக்கிழமை நாத்தனாருக்கு இறால் தொக்கு. நாலு நாள் கழித்து வெள்ளச்சியைத் திறந்துவிட்டபோது மற்றவையெல்லாம் அதை விருந்தாளிபோலப் பார்த்தன. கருப்பி ஒரு இடி இடித்து இடத்தைக் காட்டியது. வெள்ளச்சி பேசாமல் கடைசியில் போய் நின்று தீனி பொறுக்கியது. செவலை பக்கமே போகவில்லை.

வழக்கு முடிந்தது.

மறுநாள் காலை நசீர் கூப்பிட்டான். சாப்பிட்டாச்சா என்றாள். சாப்பிட்டேன் என்றான். அங்க வெயில் ஜாஸ்தியா என்றாள். ஜாஸ்திதான் என்றான்.

"போனக் கொல்லையில வைக்கலியா?"

"அதான் வெள்ளச்சின்னு கண்டுபிடிச்சாச்சே."

அவன் ஒரு படம் அனுப்பினான். வீடியோ காலின்போது எடுத்தது. ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, அலகில் செவலை இறகோடு வெள்ளச்சி. நடுவில் முழுசாக, கையெல்லாம் மீன் செதிலோடு, முக்காடு நழுவியது தெரியாமல் எதற்கோ சிரித்துக்கொண்டிருக்கிற ஹஃப்சா.

"இத எப்ப எடுத்தீங்க மச்சான்?"

"மொத நாளு," என்றான் நசீர். "நீ போன வச்ச அஞ்சாவது நிமிஷம்."

ஹஃப்சா கொல்லைக் கதவைத் திறந்தாள். எட்டுக் கோழிகளும் ஒன்றாக, ஒரு சண்டை சச்சரவில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன. போனைக் கல்மேல் சாய்த்துவைத்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"என்ன இருந்தாலும் மச்சான், எனக்கு இந்தக் கருப்பி மேல இன்னும் சந்தேகமாத்தான் இருக்கு."