விழாவுக்கு ஒரு தேதி

செம்மறியாடு வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த ஆபீஸில் கிறிஸ்துமஸ் விழா உண்டு. ஏற்பாடெல்லாம் வருஷா வருஷம் கழுதையின் தலையில்தான் விடியும்.

இந்த முறை புலி மாலை போட்டிருந்தது. "மலைக்குப் போயிட்டு இருபத்திநாலு ராத்திரிதான் வருவேன். நான் இல்லாம கேக் வெட்டிடாதீங்க, ஆமா" என்றது. மயிலுக்கு இருபத்தாறாம் தேதி கிருத்திகை விரதம். முட்டை வாசனையே ஆகாது. அதன் பிறகு வருஷக் கடைசி வேலை, தலை நிமிர முடியாது.

கழுதை காலண்டரையே கண்ணெரிய வெறித்துப் பார்த்து, கடைசியில் பெருமூச்சு விட்டது. "அப்போ இருபத்தஞ்சு. லீவு நாள்தானே, எல்லாரும் சும்மாதான் இருப்பீங்க?"

புலியும் மயிலும் தலையாட்டின. செம்மறியாடு தயங்கித் தயங்கி வாயைத் திறந்தது.

"நல்லா பண்ணுங்கண்ணே. நான் மட்டும் வர முடியாது. அன்னைக்கு எங்க வீட்ல கிறிஸ்துமஸ்."