ஒரு சுற்று

ஊர் சுற்றிப் பார்க்கக் கார்த்தூமுக்கு வந்த இக்லாஸ், நைல் ஆற்றின் இரண்டு கிளைகளும் சேருமிடத்தில் படகேறப் பயந்து, கரையோர டீக்கடையில் உட்கார்ந்துவிட்டாள். ஆற்றில் பழுப்பும் வெளுப்பும் கோடு கிழித்தாற்போல் ஒட்டி ஓடின. அந்தக் கோட்டின்மேல் அவள் கணவன் பாபிக்கர் படகில் போய்க்கொண்டிருந்தான்.

டீக்கார சித்தானா தம்ளரை நீட்டினாள். அதற்குள்ளும் பாதி பழுப்பு, பாதி வெளுப்பு, நடுவே நேர்க்கோடு.

"என்னக்கா, ரெண்டு கலரு?"

"இந்த எடத்துத் தண்ணி அப்படித்தான். அப்படியே குடி கண்ணு, கலக்கிடாத."

"கலக்காம எப்படிக்கா இனிக்கும்? எங்க ஊர்ல இப்படிக் குடுத்தா மூஞ்சியிலயே ஊத்துவாங்க!"

சிரித்துக்கொண்டே இக்லாஸ் தம்ளருக்குள் கரண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். டீ ஒரே நிறமாகிவிட்டது.

சித்தானா ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். இக்லாஸும் திரும்பினாள். ஆறும் ஒரே நிறமாயிருந்தது. தம்ளரில் டீ சுழன்ற பக்கமாகவே, நடு ஆற்றில் பாபிக்கரின் படகு மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.