அளவு நோட்டு

"வந்துட்டான் பாருங்க, நன்றி கெட்டவன்" என்றார் தலைவரின் மச்சான்.

தையல்காரர் தலைவர் வீட்டுக் கூடத்துக்குள் வந்து ஓரமாக நின்றார். கையில் ஒரு துணிப்பை. கழுத்தில் தொங்கிய டேப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஓட்டு எண்ணி முடித்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. சட்டமன்றத்துக்கு மூன்று தடவை தொடர்ந்து போன தலைவர், நாலாவது தடவை மண்ணைக் கவ்வியிருந்தார். ஜெயித்தது டாக்டரம்மா, ஆயிரத்து ஐந்நூறு ஓட்டு வித்தியாசத்தில். மூன்றாவதாக நின்ற தையல்காரர் வாங்கியது ஆறாயிரம். அத்தனையும் தலைவர் தன் கோட்டை என்று சொல்லிக்கொண்டிருந்த தெருக்களில் விழுந்த ஓட்டு.

"பன்னெண்டு வருஷமா தலைவர் கட்டடத்துல கடை வெச்சிருக்கான். அவரையே எதிர்த்து நின்னு, தெருத்தெருவா மைக் புடிச்சு மானத்தை வாங்கியிருக்கான். இவனையெல்லாம் உள்ளே விடலாமா?"

மச்சான் கேட்டதும் கட்சிக்காரர்கள் எல்லாரும் முறைத்தார்கள். நேற்று வரை தலைவர் தும்மினால் கைக்குட்டை நீட்டிய கூட்டம். இன்று யாரையாவது முறைத்தே ஆகவேண்டிய நிலைமை, பாவம்.

தையல்காரர் பையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"பதவி ஏத்துக்கறப்ப போடணும்னு தைக்கச் சொன்னீங்களே, ஐயா. முடிஞ்சிருச்சு."

தலைவர் முகம் சிவந்துவிட்டது.

"என்ன, நக்கலா? கடையைக் காலி பண்ணு. நாளைக்குக் காலையில உன் மிஷின் ரோட்டுல கிடக்கும்."

"நான் எலெக்‌ஷன்ல நிக்கமாட்டேன்னுதானே சொன்னேன், ஐயா. டாக்டரம்மா ஓட்டைப் பிரிக்க ஒரு ஆள் வேணும், நீ நிக்கலைன்னா கடையைக் காலி பண்ணுன்னு அப்பவும் இதையேதான் சொன்னீங்க."

கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த ராஜதந்திரத்தை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

தலைவர் மேஜையைத் தட்டினார்.

"ஆமா, நிக்கச் சொன்னேன். என்னைத் திட்டவும் சொன்னேன். அப்பத்தான் நீ என் ஆளு இல்லைன்னு ஜனங்க நம்புவாங்க. அதுக்காக இப்படியா? பொதுவா ரெண்டு வார்த்தை வஞ்சுட்டு இறங்கறதுக்கென்ன? யார்றா எழுதிக் குடுத்தது உனக்கு?"

தையல்காரர் மறுபடி பைக்குள் கைவிட்டு, ஓரம் சுருண்ட நோட்டு ஒன்றை எடுத்தார். வாடிக்கையாளர்களின் அளவு எழுதும் நோட்டு. அதில் என்ன இருக்கிறதோ அதுதான் அவருக்கு வேதம். கால் அங்குலம் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். ஆள் இளைத்துப் போய் வந்து நின்றாலும் நோட்டில் இருக்கிறபடிதான் தைப்பார் என்று ஊரே சிரிக்கும்.

மச்சான் பாய்ந்து அதைப் பிடுங்கினார்.

"அந்த டாக்டரம்மா ஆளுங்க எழுதிக் குடுத்திருப்பாங்க. படிக்கிறேன், எல்லாரும் கேளுங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "மார்பு நாப்பத்திநாலு. தோள் பத்தொம்பது. கை..."

"அதுக்குக் கீழே" என்றார் தையல்காரர்.

"ஒண்ணு. தண்ணித் தொட்டி கட்டித் திறந்தாச்சு, குழாய் போடலை. ரெண்டு. ஆஸ்பத்திரிக்கு வந்த ஜெனரேட்டர் தலைவர் வீட்டு மாடியில ஓடுது. மூணு. பள்ளிக்கூடக் கூரைக்கு வந்த சிமெண்ட்டுல மச்சான் வீட்டு..."

மச்சான் நிறுத்திவிட்டார்.

"முழுசாப் படிங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் படிக்கவில்லை. நோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"மாமா, இது உங்க கையெழுத்தாச்சே."

அதற்குத் தையல்காரர்தான் பதில் சொன்னார்.

"இந்தச் சட்டைக்கு அளவெடுக்க நான் இங்க வந்தப்ப, என்னன்னு திட்டறதுன்னு கேட்டேன். எனக்குத் துணியைத் தவிர என்ன தெரியும்? நோட்டைக் குடுன்னு வாங்கி ஐயாவே எழுதினாரு. சும்மா திட்டினா எடுபடாது, விவரம் வேணும்னாரு. ஜனங்க கேட்டுட்டு மறுநாளே மறந்துடுவாங்கன்னு சிரிச்சாரு. நான் ஒரு வார்த்தை கூட்டலை, குறைக்கலை."

கூட்டத்தில் இரண்டு பேர் மெல்ல நழுவினார்கள். டாக்டரம்மா வீடு அடுத்த தெருவில்தான்.

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"சரி, விடு. உன் ஓட்டையாவது எனக்குப் போட்டியா? போடுறேன்னு சத்தியம் பண்ணினியே."

தையல்காரர் கடைச் சாவியை எடுத்து அந்த வெள்ளைச் சட்டையின்மேல் வைத்தார்.

"உங்களுக்குப் போடணும்னுதான் போனேன், ஐயா. பன்னெண்டு நாளா காலையும் சாயந்தரமும் நீங்க எழுதினதையே படிச்சேனா, உள்ளே போய் நின்னா எனக்கே மனசு வரலை. டாக்டரம்மாவுக்குப் போட்டுட்டு வந்துட்டேன்."