நகத்தில் சிவப்பு

“நீ எந்திரிக்காதே. டீ நான் போடறேன்.”

கடையிலிருந்து வந்தவன் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் இப்படிச் சொன்னதும், தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த மனைவி காலை நிறுத்தினாள்.

“என்னங்க, அதிசயமா இருக்கு?”

“இதுல என்ன அதிசயம்? நான் டீ போட்டதே இல்லையா?”

“போட்டிருக்கீங்க. போன தடவை உப்பும் போட்டீங்க.”

அவன் சிரித்து வைத்தான். மனசு சிரிக்கவில்லை. வாசலில் நுழைந்ததுமே பார்த்துவிட்டான். மிஷின் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், துணியைத் தள்ளிக்கொண்டிருந்த அவளுடைய நகங்கள் அத்தனையும் சிவப்பு.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கடைக்கு வருகிறவர்களை எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வான். வீட்டுக்கு வந்தால் அவன் படிக்கிற பலகை அவளுடைய நகங்கள்தான்.

அவளுக்கு நகப்பூச்சு என்றால் உயிர். ஆனால் பூச்சு இருந்தால் நகத்தில் தண்ணீர் படாது. தண்ணீர் படாவிட்டால், தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளு நிறைவேறாது. ஒளு இல்லாமல் தொழ முடியாது. அதனால் மாதத்தில் தொழுகை விலக்கான அந்தச் சில நாட்களில் மட்டும் பீரோவிலிருந்து சிவப்பு பாட்டில் வெளியே வரும். நாள் முடிந்ததும் பூச்சைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஒரு முடி மிச்சமில்லாமல் நனையத் தலைக்குக் குளித்துவிட்டு, பழையபடி தொழுகை விரிப்பில் போய் நிற்பாள்.

கல்யாணமான புதிதில் அந்தச் சிவப்பு அவனுக்கு அழகாகத்தான் இருந்தது. வருஷங்கள் ஓட ஓட, அதைப் பார்க்கவே பிடிக்காமல் போயிற்று. இந்த மாதமும் பிள்ளை இல்லை என்று அதற்கு அர்த்தம். அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. நகம் சொல்லிவிடும்.

இந்தத் தடவை பாட்டில் வெளியே வரவேண்டிய நாள் வந்து, தாண்டியும் போயிருந்தது. தினமும் அவளுடைய வெறும் நகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பான். கேட்டால் கலைந்துவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்வான். அந்தச் சந்தோஷக் குழப்பத்தில் ஒருவருடைய கண்ணாடியை இன்னொருவருக்கு மாட்டிவிட்டு, கடையில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். இன்றைக்கு எல்லாம் போயிற்று.

“இந்தா, குடி.”

அவள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணைச் சுருக்கினாள். “பரவாயில்ல, சர்க்கரைதான். ஏங்க, உங்ககிட்ட ரெண்டு விஷயம் சொல்லணும். திட்டக்கூடாது. உங்க வெள்ளைப் பருத்திச் சட்டை ரெண்டைக் கிழிச்சுட்டேன்.”

மிஷின் பக்கத்தில், அவனுக்குப் பிடித்த அந்தச் சட்டைகள் சதுரம் சதுரமாக ஓரம் அடித்து அடுக்கப்பட்டிருந்தன. வேறு நாளாக இருந்தால் வீடு இரண்டாகியிருக்கும்.

“அதனால என்ன? பழசுதானே. கடையில கண்ணாடி துடைக்கவா?”

“ம்... துடைக்கத்தான்.” அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்த அவனுக்கு மனசு கேட்கவில்லை.

“ரெண்டாவது விஷயம் என்னன்னா...”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம்.” அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். “எனக்குத் தெரியும். வந்ததுமே பார்த்துட்டேன்.”

“பார்த்துட்டீங்களா? பார்த்துட்டுமா மூஞ்சி இப்படி இருக்கு?”

“பேசாம கேளு. இத்தனை நாளா சொல்லாம விட்டது என் தப்பு. எனக்கு நீ போதும். வாய் வார்த்தைக்குச் சொல்லலை, உண்மையாவே போதும்.”

“இன்னும் விசேஷம் இல்லையான்னு உங்க அக்கா கேட்டா?”

“அக்காவை நான் பார்த்துக்கறேன். யார் கேட்டாலும் என்னைக் கை காட்டிட்டு நீ நகர்ந்துடு. அல்லாஹ் குடுத்தா ரெண்டு கையாலயும் வாங்கிக்குவோம். குடுக்கலைன்னா எனக்கு நீ பிள்ளை, உனக்கு நான் பிள்ளை.”

கடைசி வார்த்தையில் அவன் குரல் உடைந்துவிட்டது. அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. அதோடு சிரிப்பும் வந்தது.

“இப்படி டீ போடற பிள்ளை எனக்கு வேண்டாம்ப்பா.”

அவனும் சிரித்துவிட்டான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ராத்திரிச் சமையலும் தன் பொறுப்பு என்று அறிவித்தான். அவள் மறுக்கவில்லை. கிடைக்கிற உபசாரத்தை ஏன் விடுவது?

பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்கு கேட்டது. அவள் எழுந்து போய்ச் சுவரோரக் குழாயைத் திறந்தாள். கையைக் கழுவினாள், வாய் கொப்பளித்தாள், முகத்தில் தண்ணீரை அள்ளி விட்டாள். பிறகு முழங்கைவரை நனைத்தாள்.

அவன் பதறி எழுந்தான். “ஏய், என்ன செய்யறே?”

“பார்த்தா தெரியலையா? ஒளு செய்யறேன்.”

“பூச்சோடவா? அதுவுமில்லாம, இந்த நாள்ல உனக்குத் தொழுகையே கிடையாதே!”

அவள் ஈரம் சொட்டும் விரல்களை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“ஊருக்கெல்லாம் கண்ணு பார்க்கிறவரே, கிட்ட வந்து நல்லாப் பாருங்க. மருதாணி. வெறும் நகமா இருந்து சலிச்சுப்போச்சு, அதான் வெச்சுக்கிட்டேன். இதுல தண்ணி தாராளமா படும்.”

அவன் அந்த விரல்களைப் பிடித்தபடியே நின்றான்.

“அப்ப... அந்தப் பாட்டில்?”

“அதைத் திறக்க வேண்டாம்னு காலையில டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க,” என்றாள் அவள் குறும்பாக. “பிரசவம் ஆனதும் தொழுகை விலக்கு வரும்ல, அப்ப மறக்காம எடுத்துக் குடுங்க. உங்க சட்டைத் துணியும் அப்பத்தான் வேணும். அது கண்ணாடி துடைக்க இல்ல, நம்ம பிள்ளையைத் துடைக்க!”